நான்கு மணிக்கு வரும் தங்கை

உங்கள் முதியோர் இல்லத்தில் நான்கு மணிக்குத் தரும் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பதினான்கு மாதமாகச் சொல்ல நினைத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் குறை சொன்னால் ஒரு மேலாளர் என்னதான் செய்வார் என்று விட்டுவிட்டேன். இப்போது நீங்களே தாளும் பேனாவும் கொடுத்து நடந்ததை எல்லாம் எழுதச் சொல்வதால், அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அக்காவை இங்கே சேர்த்தவள் நான்தான். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். சாவியைச் சர்க்கரை டப்பாவில் போட்டுவிட்டுத் திருடன் வந்தான் என்பாள். ஒருநாள் காலையில் செருப்புகூட இல்லாமல் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கடைக்காரர் ஒருவர் கூட்டிவந்து விட்டார். அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சேர்க்கைப் படிவம் ஒன்பது பக்கம். பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் படிவங்களோடு குடும்பம் நடத்தியவள் நான். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. அவளுக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், அகலப் பல் சீப்பால்தான் தலை வார வேண்டும் என்பதெல்லாம் எழுதினேன். ஆறாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் உறவினர், இறந்துபோன ஒருவரைத் தேடினால் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

நான் பேனாவை நிறுத்தியதைப் பார்த்து நீங்களே விளக்கினீர்கள்.

"வேலைக்குப் போயிருக்கார், சாயங்காலம் வந்துடுவார்னு சொல்லிடுவோம்மா. பத்து நிமிஷத்துல மறந்துடுவாங்க. உண்மையைச் சொன்னோம்னா, ஒவ்வொரு தடவையும் அது அவங்களுக்குப் புதுச் செய்தி."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பீர்கள்.

பிறகு எழுதினேன். கணவரைக் கேட்பாள். காலமாகிவிட்டார் என்று சொல்லவும். பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் அது பிடிக்காது.

அத்தான் அச்சகத்தில் வேலை பார்த்தவர். நான்கு மணிக்கு வீடு திரும்பிவிடுவார். அக்காவுக்கு எது மறந்தாலும் அந்த நான்கு மணி மறக்கவில்லை. மூன்றே முக்காலுக்கே கதவைப் பார்க்க ஆரம்பிப்பாள். நானும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவேன். இவ்வளவு பாசமான தங்கையை எங்கேயும் பார்த்ததில்லை என்று உங்கள் ஊழியர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

அவர் எங்கே என்று அக்கா கேட்பாள். உங்கள் நர்ஸ் சிஸ்டர் அவள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொல்வாள். நல்ல பெண். ஒருநாள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "மேடம், இன்னைக்கு மட்டும் வேற ஏதாவது சொல்லட்டுமா? என் மனசு கேக்க மாட்டேங்குது" என்றாள்.

"சிஸ்டர், உங்ககிட்ட யாராவது பொய் சொன்னாப் பிடிக்குமா?"

"பிடிக்காது மேடம்."

"அவங்களுக்கு மட்டும் பிடிக்குமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சொன்னாள். அவள் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம்.

செய்தி கேட்டதும் அக்கா முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். "எப்போ?" என்பாள். பிறகு வாயைப் பொத்திக்கொள்வாள். அழுவதற்கு முன்னால், ஒவ்வொரு நாளும், ஒரே வாக்கியம். "குட்டிகிட்டச் சொல்லிடாதீங்க. அவ தாங்க மாட்டா."

குட்டி நான்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு அடையாளம் தெரியாது. எனக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவள்தான் எப்போதும் முடிவு செய்வாள். மறதி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அதைப் பற்றியும் எழுத வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னை வளர்த்தவள் அக்கா. அவளுக்குக் குழந்தை இல்லை, நான்தான் எல்லாம். இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. வேறு ஊரில் வேலை கிடைத்து அவர் முன்னால் போனார், நான் பின்னால் போவதாக இருந்தது. மூன்றாம் வாரம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பேருந்து விபத்து என்றாள். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டதாம். நான் போய்ப் பார்க்கவும் ஒன்றும் மிச்சமில்லையாம். என்னோடு சேர்ந்து அழுதாள். ஊட்டிவிட்டாள்.

ஒன்பது வருடம் நான் அவருக்காக அழுதேன். வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்றேன்.

முப்பத்தொன்றாம் வயதில் தலைவலி தாங்காமல் பக்கத்து ஊரில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். இருட்டறையில் கண்ணில் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "கீழ் வரியைப் படிங்க" என்ற குரல் எனக்குத் தெரிந்த குரல். விளக்கைப் போட்டதும் அவருக்கும் தெரிந்தது. மேசையில் மனைவி, இரண்டு பிள்ளைகள் படம். "என் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு நீ சொன்னதா அக்கா வந்து சொன்னாங்க" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? தழும்பைத் தொட்டுக் காட்டுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கண்ணாடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா, "உனக்கு நல்லா எடுப்பா இருக்கு குட்டி" என்றாள். ஆமாம் என்றேன்.

சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவள் காலில் விழுந்து அழுதிருப்பாள், உன்னை விட்டுட்டு எப்படி இருப்பேன் என்றிருப்பாள், நான் மன்னித்திருப்பேன். அதோடு முடிந்துபோயிருக்கும். எனக்கு அது முடிய வேண்டாம். மாடியில் நான், கீழே அவர்கள். முப்பத்தொரு வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். ஒருநாளும் முகம் கோணியதில்லை.

அத்தான் இந்த மாதங்களில் எங்கே இருந்தார் என்று கேட்டீர்கள். வீட்டில்தான். இங்கிருந்து இரண்டு பேருந்து தூரம். அக்காவைச் சேர்த்த வாரத்தில் அவர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னேன். "உங்க முகத்தைப் பார்த்தாலே கத்துவா அத்தான். உங்க போட்டோவைக் காட்டினதுக்கே ரெண்டு நாள் சாப்பிடல. டாக்டர் உங்களை வர வேண்டாம்னுட்டார்."

"நாப்பத்தஞ்சு வருஷம் கத்தினவதானே, இப்ப என்ன புதுசா" என்று சிரித்தார். பிறகு, "என்னைப் பத்திக் கேக்குறாளா குட்டி?" என்றார்.

"இல்ல அத்தான்."

"சரி. நல்லதுதான். கேட்டாத்தான் கஷ்டம்."

வாரம் ஒருமுறை எதையாவது கொடுத்தனுப்புவார். தைத்த செருப்பு, புதுச் சீப்பு, காலுறை. எல்லாவற்றையும் அக்காவிடம் கொடுத்தேன். ஒன்றையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. செய்தி சொல்லி முடித்தபின் கொடுத்து, "அவர் விட்டுட்டுப் போனது" என்பேன். முகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வாள்.

முந்தாநாள் அத்தான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தாராம். வருகைப் பதிவேட்டில் உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதியதும் உங்கள் வரவேற்பாளர் எழுந்து நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவர் கைத்தடியோடு அறைக்குள் வந்தபோது நான்கு பத்து. அக்காவுக்கு அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்கள். முகம் நனைந்திருந்தது.

அவள் கத்தவில்லை.

"பாருங்களேன், நீங்க செத்துட்டீங்கன்னு சொல்றாங்க இவங்க" என்றாள்.

"அப்படியா? எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார் அத்தான்.

அவள் சிரித்தாள். சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஏன் குட்டி?" என்றார். நான் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தேன். சிக்கு இருந்தது. பாதியில் விட முடியவில்லை.

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். ஒன்பது வருடம் என்றால் மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் நாட்கள். அவளுக்கு நானூற்று இருபதுதான் ஆகியிருக்கிறது. அதுவும் அவள் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறாள். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. நான் அவளிடம் கடுமையாக நடந்துகொண்டதாக யாராவது சொன்னால் இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஆறாம் பக்கத்தில் எழுதியது பொய் என்று தெரிந்தே எழுதினேன். உயிரோடு இருக்கும் ஒருவரைத் தினமும் நான்கு மணிக்குச் சாகடித்தேன். அவரை வரவிடாமல் தடுத்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கு அத்தான் என்னைக் காட்டி, "இது யாருன்னு தெரியுதா?" என்று அவளைக் கேட்டார். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தினம் நாலு மணிக்கு வருவா. தலை வாரி விடுவா. நல்ல பொண்ணு. பாவம், இவளுக்கு யாரோ செத்துட்டாங்க போல, எப்பவும் அப்படியே உக்காந்திருப்பா" என்றாள். சிஸ்டர் அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறாள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மறதிக்காரி பேச்சு அது.

எனக்கு யாரும் சாகவில்லை.