கடைசியாக எடுத்த பாகம்

நான் காலஞ்சென்ற தையல் பட்டறைக்கார அம்மாவின் மூத்த மகள். வயது நாற்பத்தைந்து. பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். பட்டறையின் மேல்மாடியில் கணவருடன் குடியிருக்கிறேன். துணி வெட்டுவது என் வேலை என்பதால் 'கட்டிங் அக்கா' என்றால்தான் தெருவில் தெரியும். இன்று காலை எழுந்ததும் முதலில் பட்டறையைத் திறந்து, ஆஸ்பத்திரிச் சீருடைத் துணியை மேஜையில் விரித்து, மதியம்வரை தைக்க வேண்டியதை வெட்டி வைத்துவிட்டு இந்த விசாரணைக்கு வந்தேன்.

அம்மா உயில் எழுதும்போது சுயபுத்தியோடு இல்லை என்றும், நான் மிரட்டி எழுதவைத்தேன் என்றும் என் தம்பி கொடுத்த புகார் எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. அது பொய்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு இருதயக் கோளாறு என்று தெரியவந்தது. அதன்பின் அம்மா என்னையும் தம்பியையும் தங்கையையும் அழைத்து வெட்டு மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார். "நான் போனப்புறமும் நீங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கணும். அதை இப்பவே பேசிடலாம்" என்றார். சுவர் ஒன்றுக்காக அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. எங்கள் பட்டறையில் மிச்சத் துணியைப் பங்கு போடும்போது வெட்டியவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அதனால் யாரும் கோணலாக வெட்டுவதில்லை. சொத்துக்கும் அம்மா அந்த முறையையே வைத்தார். பிரிப்பது நான், முதலில் எடுப்பது தம்பி, அடுத்து தங்கை.

அதன்பின் எது எனக்கு விழுந்தாலும் மனம் கோணாது என்று தோன்றும்வரை மாற்றி மாற்றிப் பிரித்து, வீடு ஒரு பாகம், வாடகைக் கடைகளும் நகையும் ஒரு பாகம், பட்டறையும் மாடியும் ஒரு பாகம் என்று சொன்னேன். தம்பி சட்டென்று வீட்டை எடுத்துக்கொண்டு, "அந்த ஓட்டை மெஷினை எல்லாம் கட்டிக்கிட்டு அக்காவே அழட்டும்" என்றான். "அழுதுக்கிட்டே தைப்பா, நீ வேணா பாரு" என்று தங்கை சிரித்துக் கடைகளை எடுத்தாள். அம்மாவும் சிரித்தார்.

அதன்பின் வீட்டுக்கு டாக்டரும் வக்கீலும் வந்தார்கள். டாக்டர் நாள், கிழமை, பிள்ளைகள் விவரம் எல்லாம் விசாரித்தார். ஒன்றுவிடாமல் சொல்லி முடித்து, "உங்க கோட்டுல இடது பை கீழ இறங்கியிருக்கு, கழட்டிக் குடுங்க டாக்டர், சரி பண்ணித் தர்றேன்" என்றார் அம்மா. டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டார். அதன்பின் எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டு, சாட்சிகள் முன்னிலையில் அம்மா கையெழுத்திட்டார்.

அம்மா இறந்தபின் பட்டறைக்குப் பெரிய ஆஸ்பத்திரிச் சீருடை ஆர்டர் வந்தது. அதன்பிறகே தம்பிக்கு அம்மாவின் புத்தியில் சந்தேகம் வந்தது. நான் கேட்பது ஒன்றே. என் அம்மா தெளிந்த புத்தியோடுதான் எழுதினார் என்று பதிவாக வேண்டும். அப்படி முன்யோசனையோடு பிள்ளைகளுக்கு வழிசெய்தவரைப் புத்தி பிசகியவர் என்று எழுத நான் விடமாட்டேன்.

மேலே உள்ளது முழுவதும் என் வாயால் சொன்னது; படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

கையெழுத்திடும் முன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். அம்மாவின் புத்தி தெளிவுதான் என்று முடிவான பின்னும் பட்டறைதான் பெரிய பாகம் என்று தம்பி நினைத்தால், வீட்டை எனக்குத் தந்துவிட்டுப் பட்டறைச் சாவியை வாங்கிக்கொள்ளட்டும். நான் நேராக வெட்டினேன் என்பது உண்மையானால் எந்தப் பாகமும் எனக்குச் சம்மதமாக வேண்டும். இந்த முடிவை என் கணவருக்கும் வக்கீலுக்கும் இன்னும் சொல்லவில்லை.

(ஒப்பம்) மூத்த மகள்