ஒதீலுக்கு

பெயர் எழுதாத படத்துக்குத்தான் சந்தையில் விலை. "அன்புடன் மர்சேலுக்கு" என்று இருந்தால், மர்சேலைத் தவிர வேறு எவனும் அதைச் சுவரில் மாட்ட மாட்டான். மார்செய் நகரத்துப் பழைய சாமான் சந்தையில், அப்பாவின் கடைக்குள்ளேயே வளர்ந்தவன் நான். இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் ஓவியர் வோக்லாரின் வாழ்க்கையை எழுதுகிறீர்கள். அவருடைய பாலைவனங்களையும் மிதக்கும் நகரங்களையும் பார்த்துப் பார்த்துத்தான் பாதி சினிமாக்காரர்கள் விண்வெளிப் படம் எடுத்தார்கள் என்று எழுதியிருப்பீர்கள். கை நன்றாக ஓடும்போதே அவர் ஏன் பென்சிலைக் கீழே வைத்தார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். காப்பியைக் குடியுங்கள்.

அங்கூலேம் சித்திரக்கதை விழாவில், புத்தகம் வாங்கியவருக்கு ஓவியர் அதிலேயே ஒரு படம் வரைந்து தருவது வழக்கம். பெயர் வேண்டாம் என்போம் நாங்கள், வியாபாரிகள். வோக்லார் விட மாட்டார். முதல்முறை நான் புத்தகத்தை நீட்டியபோது, தலை நிமிராமல், "யாருக்கு?" என்றார். என் மகள் ஒதீலுக்கு என்றேன். ஒரு பறவையை வரைந்து, கீழே அந்தப் பெயரை எழுதினார். எனக்கு மகளும் இல்லை, மனைவியும் இல்லை. அவர் எழுதுவது பென்சிலில். நல்ல ரப்பருக்கு அது ஒரு வேலையே இல்லை.

மறு ஜனவரி விழாவில் என்னைக் கண்டதும் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெரிய கல்வீட்டில் ஒரு பூனைகூட இல்லாமல் இருந்தவர்.

"படத்தப் பாத்துட்டு ஒதீல் என்ன சொன்னா?"

"அந்தப் பறவைக்குப் பசிக்காதான்னு கேட்டா, முசியே."

அன்று பறவைக்கு ஒரு மீன் வரைந்தார். அப்புறம் வருடா வருடம் அதே கதையின் அடுத்த காட்சி. அவருடைய பேர்போன தொகுதியில் மணலில் நடந்து போகிறாளே ஒரு சிறுமி, அவள் ஒதீல்தான். அவளுக்குப் பல் விழுந்தது, நீச்சல் வந்தது, கணக்கு வரவில்லை. அடுத்த முறை அவரிடம் சொல்ல, ரயிலில் திரும்பும்போதே இதையெல்லாம் யோசித்துக்கொண்டு வருவேன். சரக்கைப் பராமரிக்க வேண்டுமல்லவா.

ஒரு விழாவில், "வசந்தத்துல மார்செய்க்கு வரேன், அவளப் பாக்கணும்" என்றார். மகளாக நடிக்க வாடகைக்கு ஒரு சிறுமியைப் பிடிக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். குழந்தைகளுக்கு வாய் நிற்காது. ஆகவே மார்ச்சில் நானே அவர் வீட்டுக்குப் போய், ஒதீல் காய்ச்சலில் போய்விட்டாள் என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேசையில் வெள்ளைத்தாள் ஒன்று கிடந்தது. முடிவில்லாத கதை என்றால் வாங்குகிறவன் விலையைக் குறைப்பான்.

"கடைசிவரைக்கும் உங்களத்தான் கேட்டா, முசியே. ஏன் இன்னும் வரலன்னு."

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு வரைந்தார். வெறும் மணல், அதில் அந்தப் பறவை, வாயில் தின்னாத மீன். கீழே அவள் பெயர். அதற்குப் பின் பல வருடம் உயிரோடு இருந்தார். ஒரு கோடும் போடவில்லை. அவர் நிறுத்தியதும் மற்ற படங்களின் விலை ஏறியது. ரப்பர் போட்டு எல்லாவற்றையும் விற்றுவிட்டேன்.

இந்தக் கடைசிப் படம் ஒன்றுதான் மிச்சம். பெயரை அழித்துக் கொடு, இரண்டு மடங்கு தருகிறேன் என்று போன வாரம்கூட ஒரு பெல்ஜியக்காரன் வந்தான். பென்சில்தான், அழியும். ஆனால் நீங்களே சொல்லுங்கள், செத்துப்போன மகளின் பெயரை எந்தத் தகப்பன் அழிப்பான்?