‘நாம்’ என்று நுழைந்து ‘நாங்கள்’ என்று முடிந்த விதி

மாண்பமை குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! புதிய விதியைப் பூப்போலத் தொடுத்து, அதற்குள் முள்ளைப் பொத்திவைத்த செயலாளர் ஐயா அவர்களே! சொந்த வீட்டுப் பெரியோர்களே! வாடகை வீட்டுப் பெருமக்களே! அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் இங்கே வாடகைக்கு இருப்பவன்; லிஃப்ட் பழுதுபார்க்கும் பொறியாளன். சுற்றி வளைக்கத் தெரியாது. நேராக வருகிறேன்.

செயலாளர் எழுதிய வரைவை வாசித்தேன். என்ன நடை! என்ன ஓட்டம்! “பராமரிப்புக் கட்டணத்தை நாம் தவறாது செலுத்துவோம். மின்தூக்கி பழுதுற்றால் நாம் பொறுமை காப்போம்.” ஆகா! கடைசி வரி? “அனைத்தையும் வீட்டு உரிமையாளர்களாகிய நாங்கள் முடிவு செய்வோம்.”

‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. பக்கம் பக்கமாக எங்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு, கடைசி வரியில் கதவைச் சாத்தினால் அது இலக்கணமா? அரசியல்! இந்த வரி இன்று நிறைவேறினால், வாடகைக்கு இருப்பவர்களுக்கு இனி இந்த மன்றத்தில் வாக்கில்லை.

என்ன ஐயா, எழுத்துப் பிழையா? பிழை எப்போதும் எழுதியவர் பக்கமே சாய்வது ஏன்?

என் அண்ணி நிறைமாதக்காரர். குடியிருப்பது ஐந்தாம் மாடி. லிஃப்ட் நின்ற மறுநாள் படியில் செயலாளரைச் சந்தித்தார்.

“நாம கொஞ்சம் பொறுத்துக்கணும்மா.”

“பொறுத்துக்கலாம் சார். நீங்க எந்த மாடி?”

“கீழ்வீடும்மா.”

“அப்போ மூச்சு வாங்குற ‘நாம’ நான் மட்டுந்தானா சார்?”

சிரியுங்கள், சிரியுங்கள்! ஊரார் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கும் நான், நம் லிஃப்டைத் தொடக்கூடாதாம். ஏன்? ‘நாங்கள்’ இன்னும் முடிவு செய்யவில்லையாம்!

எந்த அரசை வேண்டுமானாலும் பாருங்கள். வரி கேட்கையில் ‘நாம்’. தியாகம் கேட்கையில் ‘நாம்’. கணக்குக் கேட்டால் மட்டும், “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!” ஆள்பவரின் வாயிலிருக்கும் ‘நாங்கள்’ என்பதைப் பிடுங்கி, அங்கே ‘நாம்’ வைப்பதற்குப் பெயர்தான் மக்களாட்சி!

என் திருத்தம் சிறியது. ‘வீட்டு உரிமையாளர்களாகிய நாங்கள்’ போகட்டும், ‘நாம்’ வரட்டும். ஏற்பவர்கள் கை தூக்குங்கள்!

அடடா, முதல் கை செயலாளர் வீட்டு அம்மாவுடையது! என்னம்மா சொல்கிறீர்கள்? சத்தமாக!

“வீட்டுலயும் இதே கதைதான் தம்பி. சமைக்கணும்னா ‘நாம’ன்னு சொல்வாரு, முடிவு பண்றது அவரு மட்டும்!”

தலைவர் அவர்களே, எண்ணச் சிரமப்படாதீர்கள். தூக்காத கைகளை எண்ணினால் சீக்கிரம் முடியும். செயலாளர் ஐயா, பேனா இதோ. நீங்களே திருத்துங்கள். உங்கள் நடைக்கு ஒரு குறையும் வராது.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. நம் எல்லோருக்கும் வணக்கம்!