எங்கய்யா தாய்மாமன்?

…கல்யாண வீட்டுல சோறு போட்டாய்ங்களான்னு மட்டும் கேக்காதீங்கண்ணே, வயித்தெரிச்சலக் கெளப்பாதீங்க. நாடிய லேசாத் தூக்குங்க. ம்… அப்படியே இருங்க. பேசக்கூடாது, பாஸ்போர்ட்டு போட்டோவுக்கு வாய் மூடித்தான் இருக்கணும். நான் பேசுறேன், நீங்க கேளுங்க. ஏலக்கா ஸ்டோர்ல சோலியோ? சட்டையெல்லாம் மணக்குது.

கல்யாண போட்டோக்காரன்னா சொகுசுப் பொழப்புன்னு இந்தப் போடி ஊரு பூராம் நெனப்பு. தெனம் விருந்து, பன்னீரு, சந்தனம்! எங்கண்ணே விருந்து? நான் பந்தியில ஒக்காரும்போது ரசத்து வாளியச் சாச்சுச் சாச்சு ஊத்துவாய்ங்க. பாயாசம் வாசம் மட்டும் வரும். தாலி கட்டுறதுக்கு முந்தி ‘தம்பி, தம்பி’ம்பாய்ங்க. கட்டி முடிச்சதும் ‘யோவ், மறைக்காதய்யா’ம்பாய்ங்க. நான் எங்க மறைக்கிறேன்? நான் நின்னாத்தான படம்!

இப்ப அவுட்டோருன்னு ஒரு கூத்து வேற. போன மாசம் ஒரு சோடிய போடிமெட்டுக்கு மேல கூட்டிப் போறேன். பின்னாடி பொகையாட்டம் மஞ்சு வேணுமாம். மஞ்சுக்கு நான் எங்க போவேன்? ஜீப்புல காத்துக் கெடந்து, அது எறங்குனதும் ஏலச்செடிக்குள்ள நிப்பாட்டி, மாப்ள கையப் பிடிக்கப் போற நேரத்துல ‘அய்யோ, அட்ட! அட்ட!’ன்னு பொண்ணு குதிக்குது. காலு பூராம் அட்ட. மாப்ள என்ன பண்ணாங்கிறீங்க? ஓடிப் போயி ஜீப்புக்குள்ள ஏறிக்கிட்டான். அட்டயப் பிச்சு எறிஞ்சது யாரு? நானு! அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அவனத் திட்டுச்சு பாருங்க… இந்தத் தொழில்ல எனக்குக் கெடச்ச ஒரே சந்தோசம் அதுதாண்ணே.

கண்ண மூடிட்டீங்க. இருங்க, இன்னொண்ணு எடுப்போம்.

இம்புட்டும் பட்டு, கடைசியில கூடப் பொறந்த அக்காகிட்டயும் கெட்ட பேரு. எங்கக்கா சுருளியம்மா, இங்கிட்டு தேவாரம் ஊருல கட்டிக் குடுத்துருக்கு. ஒரே மக, கார்முகில். போன வைகாசியில அவ கல்யாணம். அன்னையில இருந்து அக்கா எங்கூடப் பேச மாட்டேங்குது. போன் போட்டா எடுக்காது. நேர்ல போனா, ‘யாரோ வந்துருக்காக, என்னன்னு கேளுங்க’ன்னு மாமாகிட்டச் சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிருது. யாரோவாம்! காப்பித்தண்ணி கூட இல்லண்ணே! அப்படி என்னண்ணே குத்தம் பண்ணேன் நானு? வெளி போட்டோக்காரன் எவனையும் உள்ள விடல, அம்புட்டுத்தான். எம்மடியில ஒக்காந்து காது குத்துன பிள்ள. அவளுக்கு எவனோ வந்து படம் எடுப்பான், நான் வேடிக்க பாக்கணுமா?

அக்கா அப்பவே சொல்லுச்சு. ‘தம்பி, அன்னைக்கி நீ தாய்மாமன்டா. இருக்கிறது நீ ஒருத்தன்தான். அந்தக் கேமராவத் தூக்கி வச்சுட்டு, வேட்டியக் கட்டிக்கிட்டு வா’ன்னுச்சு. ‘ரெண்டையும் பாப்பேங்கா, நீ பேசாம இரு’ன்னேன். பாக்குற ஆளுதாண்ணே நானு! பட்டு வேட்டி கட்டி, கழுத்துல கேமராவ மாட்டிக்கிட்டுத்தான் நின்னேன்.

நம்ம பக்கத்து வழக்கம் ஒங்களுக்குத் தெரியாததா? தாய்மாமன் மாலையப் போட்டு, கையப் பிடிச்சுக் கூட்டியாந்தாத்தான் பொண்ணு மேட ஏறணும். பொண்ணு ரூமு கதவு தொறக்குது. ஜன்னல் வெயிலு அப்படியே மொகத்துல விழுது. பிள்ள அம்புட்டு அழகு… எனக்குக் கை பரபரங்குது. மால தட்டுல கெடக்கு, போடுறதுக்கு ஒரு ஆளக் காணோம். வருசக்கணக்காக் கத்திப் பழகுன வாயி, கத்திருச்சுண்ணே. ‘எங்கய்யா தாய்மாமன்? கூப்புடுங்கய்யா வெரசா, வெயிலு போகுது!’

மண்டபமே திரும்பி என்னயப் பாக்குது. எவனோ சிரிச்சுட்டான். அக்கா மொகம் செத்துப் போச்சு.

சரி, அப்பவாச்சும் போயிருக்கலாம்லங்கிறீங்க. போயிருப்பேண்ணே! கூட வந்த வீடியோக்காரன் ஈஸ்வரு, ‘குடுண்ணே, நான் எடுக்குறேன்’னு கைய நீட்டுறான். அவன் எடுத்தா ஒருத்தருக்கும் தல இருக்காது. அவன நம்பிக் குடுக்கவா? ‘ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம்’னு லென்ச மாத்திக்கிட்டு இருந்தேன். நேரம் போகுதுன்னு மேடையில சத்தம் போடுறாக. அக்கா விறுவிறுன்னு போயி, ஒண்ணுவிட்ட தம்பி தங்கபாண்டி கையில மாலையக் குடுத்துருச்சு. அவன் யாரு? பொண்ணு பேரு கூட அவனுக்குச் சரியாத் தெரியாது! அவன் போட்டு, அவன் கையப் பிடிச்சுக் கூட்டியாரான். நான் முன்னாடி, அவளப் பாத்தபடி பின்னுக்கு நடந்துக்கிட்டே எடுக்குறேன்.

இந்தா, அந்தப் படம். அசையலாம் அண்ணே, நல்லாவே பாருங்க. பொண்ணுக கேமராவப் பாக்கவே பாக்காதுக. ‘இங்க பாரும்மா, இங்க பாரும்மா’ன்னு தொண்டத்தண்ணி வத்திப் போகும். இவளுக்கு நான் ஒரு வார்த்த சொல்லல. மாலையப் போட்டதுல இருந்து மேட ஏறுற வரைக்கும் நேரா இங்கயேதான் பாத்துக்கிட்டு வந்தா. பக்கத்துல போறவன ஏறெடுத்தும் பாக்கல. ‘மாமா’ன்னு வாயி கூட அசஞ்சுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமாண்ணே? ‘சூப்பரு ஆத்தா… அப்படியே பாரு’ன்னேன்.

அப்படியேதான் பாத்தா.

நான் எடுத்ததுலயே இதுக்கு மேல ஒரு படம் கெடையாதுண்ணே. நல்லாத்தான வந்துருக்கு? சொல்லுங்கண்ணே… இப்பப் பேசலாம், ஒண்ணும் இல்ல. நல்லாத்தான வந்துருக்கு?