மேகத்துக்கு வைக்கிற வெடி

அது துவக்கு இல்ல சேர்.

ஆட்லறிப் பீரங்கியும் இல்ல. வேணுமெண்டா படத்தக் கழட்டிக் கையில எடுத்துப் பாருங்க, ஆணியில சும்மா கொழுவித்தான் இரிக்கு. கிட்டப் பிடிச்சா விளங்கும். தகரத்தால அடிச்ச பெரிய புனல், வாய் வானத்தப் பாத்து நிக்குது, அவ்வளவுதான். பக்கத்தில சிரிச்சிக்கு நிக்கிறது இவர், என்ட புரிசன் உதயரூபன். மத்தப் பக்கம் நிக்கிற கிழவன் றேமோன். அந்த மனிசன்ட திராட்சைத் தோட்டத்துக்குள்ளதான் அது நிக்குது, பிரான்சில.

மேகத்துக்கு வெடி வைக்கிறது சேர் அது. மெய்யாத்தான் சொல்றன். அங்க ஆலங்கட்டி மழை பெஞ்சா பிஞ்சு காய் எல்லாத்தயும் அடிச்சிக் கொட்டிப்போடுமாம். அதால கருமேகம் ஏறி வாறதக் கண்டா, இதுக்குள்ள கேஸ வெடிக்க வச்சிச் சத்தத்த மேல அனுப்புவாங்க. குண்டு இல்ல, ரவை இல்ல, வெறும் சத்தம். அதுக்கு மேகம் கலையுமா எண்டா, அது றேமோனுக்கே தெரியாதாம்.

சிரிக்கிறீங்க. நானும் போன்ல கேட்டுப்போட்டுச் சிரிச்சனான்.

நான் எங்க சேர் போற. விசா அலுவலுக்குக் கொழும்புக்குப் போனதோட சரி. எல்லாம் இவர் சொன்னதுதான். சொல்லிச் சொல்லி அந்த ஊர் எனக்குப் பாடமாப் போயித்து. எத வேணுமெண்டாலும் கேளுங்க. இவர்ட்டக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவார், ஒரு சொல்லுப் பிசகாது.

ஊர்ர பேரா? சந்தொறான் எண்டு வரும். மூக்கால சொல்லோணும், என்ட வாயில சரியா வராது, அதுக்காகப் பொய்யெண்டு எடுத்திராதீங்க. பாரிசிலருந்து ரயில்ல கனதூரம். ஓம், நீங்க கேக்கிறது விளங்குது. பாரிசில ஊர்வலம் போனாங்க, கொடி பிடிச்சாங்க, அதுக்கெல்லாம் இவர் போகல்ல. அந்த ஊர்ல தமிழாக்களே இல்ல. இவர் கடைக்குப் போனா நாயெல்லாம் குரைக்குமாம், கறுப்பா ஒருத்தர் நடக்கிறத அதுகள் கண்டதில்ல.

அங்க போற தொடுப்பு சுனாமியாலதான் வந்த. அண்டைக்கு வெள்ளாப்பிலயே இவரும் தம்பி விஜிதரனும் தோணியில களப்புக்குள்ள போனவங்க. கடல் மண்மேட்டத் தாண்டி இரைஞ்சிக்கு வந்து களப்புக்குள்ள விழுந்திச்சி. இவரக் கொண்டுபோய்க் கண்டல் மரத்துக்குள்ள எறிஞ்சிது, கால் எலும்பு வெளிய தெரிஞ்சிது. தம்பிய இண்டைவரைக்கும் காணல்ல. அதுக்குப் பிறகு இவருக்குப் பெரிய சத்தம் ஒண்டு கேக்கப்படா. இடி முழங்கினாலும் கட்டிலுக்குக் கீழ போயிருவார். அந்த நேரம் இஞ்ச கூடாரம் அடிச்சி மருந்து கட்டின நேர்ஸ்தான் மதாம் ஒடீல். வயசான மனிசி. காலும் ஆத்தி, கையப் பிடிச்சி மணலுக்குள்ள இவரத் திரும்ப நடக்கப் பழக்கினதும் அவதான். சந்தொறான் அவட ஊர்.

மறுகா இஞ்ச வாகரைப் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கினது. ஆர் அடிச்சதெண்டு நான் சொல்ல வரல்ல சேர். மேலால வந்து விழுந்திச்சி, நாங்க காட்டால நடந்து மட்டக்களப்புக்கு வந்தம். முகாமுக்குள்ள இவர் படுற பாட்ட ஆரோ மதாமுக்குச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு என்ட வீட்ட வந்து இருக்கட்டும் எண்டு அவ கூப்பிட்டா. எனக்கு அப்ப வயித்துல மகள் விதுர்ஷா. நீங்க போங்க எண்டு நான்தான் தள்ளி விட்டன். இளந்தாரி ஆம்புளையள் வீட்டில இருக்கக்கூடின காலமா சேர் அது, ஆர் எவரக் கொண்டுபோறாங்க எண்டே தெரியாது. பிழையா எடுக்காதீங்க, பொதுவாத்தான் சொன்னன்.

அங்க என்ன செஞ்சவரா? நடந்தவர் சேர்.

வேலை செய்ய விசா இல்ல. அதால காலம்பற மதாமோட வெளிக்கிட்டா, நடந்து பகலைக்குத்தான் வருவார். இல்ல, ட்ரெயினிங் இல்ல. ஐயோ, அப்பிடி எழுதிராதீங்க. அங்க சனம் சும்மா நடக்கும். போற இடத்துக்கு பஸ் இரிக்கும், எண்டாலும் தோள்ல ஒரு பையக் கொழுவிக்கு நடக்கும், கிழடு கட்டையெல்லாம். இவருக்கும் முதல்ல விளங்கல்ல. நம்மட சனம் நடந்ததெல்லாம் ஓடுறதுக்குத்தானே. முதல் நாள் மதாம்ட்டக் கேட்டாராம், நாம எங்க போறம் எண்டு. ஒரு இடத்துக்கும் இல்ல, சுத்திப் பாத்துப்போட்டு வெளிக்கிட்ட வீட்டுக்கே வருவம் எண்டாவாம். அண்டைக்கு ராவு போன்ல இதத்தான் ரெண்டு மூண்டு தரம் சொன்னார். தனுஷியா, கடைசியில சொந்த வீட்டுக்கே கொண்டுவந்து விடுற பாதை ஒண்டு இரிக்கிடி எண்டார்.

பாக்கிறதுக்கு என்னெல்லாம் இரிக்கு தெரியுமா. மணிக் கூண்டு வச்ச பழைய கோயில். ஊருக்கு நடுவுல கல்லால கட்டின தொட்டி, முந்தி பொம்புளையள் கூடி உடுப்புத் துவைச்சதாம், இப்பவும் தண்ணி ஓடுது. மலையக் குடைஞ்ச குகையள், உள்ள போனா குளிருமாம். பங்கர் இல்ல சேர். வைன் பீப்பா அடுக்கிற இடம். பங்கர் எண்டு எழுதினத வெட்டி விடுங்க, வைன் எண்டே எழுதுங்க. இவர் குடிக்கிறேல்ல. மறுகா திராட்சைத் தோட்டம், கண்ணுக்கெட்டின மட்டும், நம்மட வயல் வட்டை மாதிரி, என்ன, சரிவில ஏறிப் போகுது.

பாதை தவறாம இரிக்க மரத்துல, கல்லுல மஞ்சள் பெயின்ற்றால ஒரு கோடு இழுத்திரிப்பாங்க. கோட்டக் கண்டா நேர போகலாம். ரெண்டு கோடு குறுக்கால வெட்டினா அங்கால போகப்படா. வழி இல்ல, அவ்வளவுதான் கருத்து. இவருக்கு அந்த வெட்டுக் குறியக் கண்டா கால் எழும்பாது. மிதிவெடிப் பலகையள் பாத்த கண் சேர் இது. கன நாள் மதாம் அடி வச்ச இடத்திலதான் தான் அடி வச்சாராம்.

ஓம், அங்கதான் வாறன். மஞ்சள் குறிக்கு விளக்கம் கேக்கத்தானே வந்திரிக்கிறீங்க.

இவர் திரும்பி வந்து பாசிக்குடாவில ஹொட்டல் ஒண்டில வேலைக்குச் சேந்தவர். வெள்ளைக்காரர் கடல்ல குளிச்சிப்போட்டு அலுத்துப் போய்க் கிடக்குதுகள், நம்மட பனிச்சங்கேணியிலயும் ஒரு நடைபாதை இரிந்தா வருங்கள் எண்டு இவருக்கு ஒரு எண்ணம். பாலத்தடியில தொடங்கி, கண்டல் காட்டுக் கரையால போய், கொக்கு அடையிற இடம், அலை உடைச்ச மதில், வட்டை வரம்பு, பிள்ளையார் கோயில், திரும்பப் பாலம். இவ்வளவுதான் சேர். மரத்துக்கு மரம் மஞ்சள் கோடு இழுத்தவர். பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க. அதத்தான் ஆரோ, காட்டுக்குள்ள ஆயுதம் புதைச்சித் தாட்ட இடத்துக்கு அடையாளம் வைக்கிறான் எண்டு உங்களுக்குச் சொல்லிரிக்காங்க. ஆயுதம் தாட்டு வச்சவன் மஞ்சள் பெயின்ற் பூசிக் காட்டுவானா சேர், நீங்களே சொல்லுங்க.

படமா? அது அந்த வைகாசியில நடந்த கதை. இஞ்ச சண்டை முடிஞ்ச கிழமை.

இவர் டீவிக்கு முன்னால சோறு தண்ணி இல்லாமக் கிடந்தவர். மதாம் பாத்துப்போட்டு, வா நடப்பம் எண்டு இழுக்காத குறையாக் கூட்டிப்போனா. குன்றுக்கு மேல உடைஞ்ச கோட்டை ஒண்டு, அதுல ஏறினா ஆறு தெரியும், அதப் பாக்க. பாதி வழியில வானம் கறுத்துக்கு வந்திச்சி. மதாம் மழைக்கோட்ட எடுக்கக் குனிஞ்சா. அந்த நேரம் திராட்சைக்குள்ள இருந்து வெடிச்சிது. காலுக்குக் கீழ நிலம் அதிர்ந்திச்சாம். மூச்சு விட முதல்ல அடுத்தது. மறுகா அடுத்தது.

இவர் மதாமப் பிடிச்சித் தள்ளி, திராட்சை வரிசைக்கு நடுவுல சேத்துக்குள்ள விழுத்தி, மேல படுத்தித்தார். விஜி, தலையத் தூக்காத, தலையத் தூக்காத எண்டு தமிழ்ல கத்துறார். மனிசிக்குக் கை முறிஞ்சி போயித்து, அதுகூட இவருக்குத் தெரியாது. அமத்திப் பிடிச்சிக்குக் கிடக்கார்.

றேமோன் தோட்டத்துக்குள்ள நிண்டு இதக் கண்டிரிக்கார். அவர்ர கண்ணுக்கு என்ன தெரியும்? ஊரில இல்லாத கறுப்பன் ஒருத்தன் கிழவியச் சேத்துல போட்டு அமத்துறான். மண்வெட்டியத் தூக்கிக்கு ஓடி வந்தவர் சேர், ஓங்கித்தார். கீழ கிடந்துக்கு மதாம் சொன்னாவாம், இவன் என்னக் காப்பாத்துறான் றேமோன், நீ போய் அத நிப்பாட்டு எண்டு.

அந்த மனிசன் போய் நிப்பாட்டினவர். தலைக்கு மேல மேகம் நிக்குது. நிப்பாட்டினா தோட்டம் போயிரும் எண்டு அவருக்குத் தெரியும், எண்டாலும் நிப்பாட்டினவர். கொஞ்சத்தால கொட்டினது பாருங்க, கோழி முட்டைப் பருமனாம். இவருக்கும் மதாமுக்கும் மேல தன்ட கோட்ட விரிச்சிப் பிடிச்சிக்குத் தலையில அடி வாங்கிக்கு நிண்டாராம். அந்தப் பக்கத்துப் பிஞ்சு முழுக்க அந்த வருசம் நிலத்தோட போயித்து. இவர் வெக்கத்துல அறைய விட்டு வெளிய வரல்ல. அவங்க என்னப் பேசட்டும், அடிக்கட்டும் எண்டு போன்ல என்னட்டத்தான் அழுதார்.

மறுகா ஒரு நாள் றேமோன் வந்து, இவர்ர கையப் பிடிச்சிக் கூட்டித்துப் போய், அந்தச் சாமானத் தொட்டுப் பாக்க வச்சிரிக்கார். உள்ள தலைய விட்டுப் பார், வெறும் தகரம் எண்டு. மதாம் கட்டுப்போட்ட கையோட படம் எடுத்தா. பயம் தெளியட்டும் எண்டு எடுத்த படம் சேர் இது. அதுக்குப் பிறகு வெடி வைக்க முதல்ல றேமோன் போன் எடுத்துச் சொல்லுவாராம், இவர் காதப் பொத்திக்கு இருப்பாராம். போகப் போகப் பொத்தாமயும் இருந்தவர். எல்லாம் தெளிஞ்சித்து, நான் வாறன் எண்டார். சண்டையும் முடிஞ்சிது, வாங்க, பிள்ளை உங்கள அடையாளம் தெரியாம வளருது எண்டு நானும் கூப்பிட்டன்.

அவ்வளவுதான் சேர். ஒரு இயக்கமும் இல்ல, ஒரு தொடர்பும் இல்ல. நீங்க எழுதினத வாசிச்சிக் காட்டுங்க, நான் கையெழுத்து வைக்கிறன்.

ஆர வரச் சொல்ல, இவரயா?

இவர் இஞ்ச இல்லையே சேர். போன வெள்ளிக்கிழமை உங்கட ஆக்கள்தானே வந்து கூட்டித்துப் போன. மரத்துக் குறியப் பத்திச் சின்ன விசாரணை, பின்னேரம் விட்டிருவம் எண்டாங்க. அவர் உங்கட்ட இரிக்கிறார், அவர் சொன்னதச் சரி பாக்கத்தான் நீங்க வந்திரிக்கிறீங்க எண்டு நான் இவ்வளவு நேரமும் கதைச்சிக்கு இரிக்கன். உங்கட ஒபிஸ் பேரத்தான் சொன்னாங்க. நல்ல தமிழ், உங்களப் போல மரியாதையாத்தான் கதைச்சாங்க. அதால நான் அழக்கூட இல்ல. சேட்டு ஒண்டு அயன் பண்ணிக் குடுத்து, றோட்டில நிண்ட வெள்ளை வான் மட்டும் போய் ஏத்தி விட்டுப்போட்டு வந்தன்.

ஏன் சேர் எழும்பித்தீங்க? அவங்க உங்கட ஆக்கள்தானே?