உலர்த்தும் அறையில் என் ஓரகத்தியைத் திட்டியது பற்றி

பெயர்: இஸ்திரியக்கா என்று எல்லோராலும் அழைக்கப்படுபவர். வயது: நாற்பத்திரண்டு. தொழில்: ஆற்றோரச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுவது. விலாசம்: சலவைக்கூடத்துப் பின்சந்து, தண்ணீர்த் தொட்டியை அடுத்த ஓட்டு வீட்டின் வலது பாதி. காவல் நிலையத்தில் என்னை உட்காரவைத்து, குடிக்க வெந்நீர் கொடுத்து, எழுத்தர் கேட்க நான் சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அதே வீட்டின் இடது பாதியில் என் கொழுந்தனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். ஆண்கள் இருவரும் படகுத்துறையில் சுமை இறக்குகிறார்கள். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, நான் வேலை செய்யும் அதே சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டின் நடுவே தட்டி வைத்துப் பிரித்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது. தட்டி வைத்தபோது வீட்டின் ஒரே ஜன்னல் அவள் பக்கம் போய்விட்டது. அதில் தொடங்கியது. அதன் பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டது. அவள் உலர்த்திய துணி என் மேஜைக்குத்தான் வர வேண்டும். கூடையை வைத்துவிட்டுப் போவாள். நான் தலை நிமிர மாட்டேன்.

நேற்று முற்பகல் கூடை வரவில்லை. வேண்டுமென்றே தாமதம் செய்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இஸ்திரிப் பெட்டியில் கரி வீணாக எரிந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நானே போய் உலர்த்தும் அறைக் கதவைத் தள்ளினேன். மரம் ஈரத்தில் ஊறி இறுகியிருந்ததால் தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருந்தது. புகைபோக்கி அடைத்துக்கொண்டு, உள்ளே கரி அடுப்புகளின் நெடி நிறைந்திருந்தது. என் ஓரகத்தி தொங்கிக்கொண்டிருந்த போர்வைகளுக்கு அடியில், கதவுப் பக்கம் கையை நீட்டியபடி கிடந்தாள். அவள் நகங்களில் கதவின் பச்சை வர்ணம் ஏறியிருந்தது. அவளை நிலைப்படி வரை இழுத்துக் காற்றுப் படும்படி கிடத்தினேன். மூக்கருகே கை வைத்தேன். மூச்சு இல்லை. கத்திக் கூப்பிட்டேன். துணி அவிக்கும் வெள்ளாவிக் கூடத்து இரைச்சலில் யாரும் வரவில்லை.

எழுத்தர் கேட்டதால் உயிர்ச்சூடு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் அதைப் படித்தவள் அல்ல. எல்லோருக்கும் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும். நெஞ்சிலிருக்கும் சூடு உள்ளங்கை வழியாக வெளியேறி, இன்னொருவருடைய உள்ளங்கை வழியாக உள்ளே போகும். கொடுப்பவருக்கு விரல் நுனியிலிருந்து குளிர் ஏறும். அது நெஞ்சைத் தொட்டுவிட்டால் அவர் பிழைக்க மாட்டார். அதற்கு முன் கையை எடுத்துவிட்டால், போன சூடு சாப்பாட்டாலும் தூக்கத்தாலும் மெல்லத் திரும்பிவிடும். நினைவில்லாதவரிடமிருந்து சூட்டை உறிஞ்சி எடுக்கவும் முடியும். அதைத்தான் சட்டம் திருட்டு என்கிறது. எடுப்பது மனது எப்படி இருந்தாலும் நடக்கும். கொடுப்பது அப்படி நடக்காது. எதிரில் இருப்பவர் மேல் உள்ளே கசப்பை அடக்கி வைத்திருந்தால் சூடு மணிக்கட்டைத் தாண்டாது.

நான் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் என் உள்ளங்கைகளை வைத்து அழுத்தினேன். சூடு மணிக்கட்டு வரை வந்து, கொதிக்கும் பாத்திரத்தின் மூடி போல அங்கேயே துடித்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பொய் என்று என் கைக்கே தெரிந்துவிட்டது. அவள் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் நான் அவளைத் திட்டத் தொடங்கினேன். திட்டினால் கசப்பு வடியும் என்று கணக்குப் போட்டுத் திட்டவில்லை. பயத்தில் வாய் திறந்துகொண்டது, அவ்வளவுதான். நான் சொன்னது: “எந்திரிடி. ஜன்னலை எடுத்துக்கிட்டியே, ஒரு நாளாவது திறந்து வச்சியா? எனக்குக் காத்து வந்துடும்னு சாத்தியே வச்சிருந்த. நான் காலரைக் கருக்குறேன்னு முதலாளிகிட்ட சொன்னது யாரு? காய்ச்சல்ல கிடந்தேனே, கதவைத் தட்டினியா நீ?” இவற்றுக்கு நடுவே சொன்ன வேறு சில வார்த்தைகளை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுத்தரும் எழுதவில்லை. ஒவ்வொன்றும் வெளியே வர வர, மணிக்கட்டில் இருந்த அடைப்பு இளகுவதை உணர்ந்தேன். ஆனாலும் சூடு சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது.

கடைசியில் திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அப்போது நான் யோசித்தே இராத ஒன்று வாயில் வந்தது. “நீ வந்தப்புறம்தான்டி அந்த வீட்டுல நான் சிரிச்சேன். நீயும் பேசலைன்னா நான் யார்கிட்டடி போவேன்?” என்றேன். உடனே மடை திறந்தாற்போல் சூடு இறங்கியது. குளிர் என் முழங்கையைத் தாண்டி, தோளுக்கு ஏறியது. கையை எடுக்க வேண்டிய நேரம் என்று தெரிந்தது. அவள் இன்னும் மூச்சு விடவில்லை. நான் எடுக்கவில்லை.

இந்தச் சமயத்தில் துணி மடிக்கும் பெண் கூடையோடு வந்திருக்கிறாள். நான் ஒரு பிணம் போன்றவளின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு கத்துவதைப் பார்த்து, கூடையைப் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடினாள். கொடுப்பதும் எடுப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்கள் சண்டை சலவைக்கூடம் முழுக்கத் தெரிந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் ஓடியிருப்பேன்.

அதன் பிறகு என் ஓரகத்தி இருமினாள். கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“அந்த ஜன்னல் திறக்கவே திறக்காதுக்கா. கீல் துருப்பிடிச்சுப் போச்சு. ஒரு தடவை வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“பேசாத. மூச்சு விடு,” என்றேன்.

அவள் அடங்கவில்லை. “காய்ச்சலுக்குக் கஞ்சி வச்சு எடுத்துட்டு வந்தேன். உங்க கதவு வரைக்கும் வந்தேன். திட்டுவீங்களோன்னு திரும்பிட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “காலர் விஷயம் மட்டும் நான் சொன்னதுதான்,” என்றாள்.

எனக்கு அவள் மேல் சாய்ந்தது வரைதான் நினைவிருக்கிறது. அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லக் கேட்டுச் சொல்கிறேன். மடிக்கும் பெண் காவலர்களுடன் திரும்பியபோது, குளிர் என் கழுத்தடி வரை ஏறி வெளுத்திருந்ததாம். காவலர் என்னைக் கைது செய்வதா, ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதா என்று தயங்கியிருக்கிறார். என் ஓரகத்தி எழுந்திருக்க முடியாமல் கிடந்தபடியே, “எடுக்கலீங்க, குடுத்தாங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். புகார் கொடுத்த பெண்தான் முதலில் புரிந்துகொண்டு தரையில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, தன் முழங்கை குளிரும்வரை கொடுத்திருக்கிறாள். அதன் பிறகு வெள்ளாவிக் கூடத்து ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தார்களாம். நான் கண் விழித்தது ஆஸ்பத்திரியில். என் கட்டிலையும் ஓரகத்தி கட்டிலையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். இவர்களை ஒரே அறையில் வைத்ததால் மற்ற நோயாளிகளால் தூங்க முடியவில்லை என்று நர்ஸ் டாக்டரிடம் முறையிட்டதை நானே கேட்டேன். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

மடிக்கும் பெண் நல்லெண்ணத்தில்தான் புகார் கொடுத்தாள். அவள் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் ஓரகத்தி மேல் உனக்குப் புகார் ஏதும் உண்டா என்று எழுத்தர் கேட்டார். நிறைய உண்டு. அவற்றை இனி அவளிடமே சொல்லிக்கொள்வேன் என்பதால் இங்கே பதிய வேண்டியதில்லை.

மேலே எழுதியதை எழுத்தர் படித்துக் காட்ட நிதானமாகக் கேட்டேன். விடச் சொன்ன அந்தச் சில வார்த்தைகள் தவிர, நடந்தது எதுவும் விடுபடவில்லை. நடக்காதது எதுவும் சேரவில்லை. வலது கை விரல்கள் இன்னும் மடங்காததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(ரேகை) இஸ்திரியக்கா