மூன்று முடிச்சுகள்

ஓடுகிறேன். டாக்சியின் கதவைக்கூடச் சாத்தவில்லை. தோளில் என் மகள் ஆமினா. ஏழு வயது. அவள் வலது கை மூங்கில் சிம்புக்கும் துணிக்கும் நடுவில். விரல்கள் ஊதா நிறம். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. பின்னால் மனைவி கத்துகிறாள்.

"ஓடுங்க! நிக்காதீங்க!"

அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவு மெதுவாகத் திறக்கிறது.

முந்தைய நாள் மாலை ஐந்து இருபதுக்கு விழுந்தாள். சிங்கப்பூரின் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, விளையாட்டு இடத்தின் தொங்கு கம்பியிலிருந்து. கையை ஊன்றி விழுந்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த மிளகாய்க் காம்பு ஒடிகிற சத்தம். முழங்கை உடனே வீங்கியது.

மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கவுண்டரில் ஆங்கிலத்தில் கேட்பார்கள். எனக்குப் பேச வராது, வியர்த்துவிடும். லிட்டில் இந்தியாவில் எண்ணெய் போட்டுக் கட்டுபவரிடம் தூக்கிப் போனேன். நான் வேலை செய்யும் மளிகைக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி. மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்தால் நாங்கள் எல்லாரும் அவரிடம்தான் போவோம்.

"பிசகியிருக்கு தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துத்தான் விடுவாங்க லா. புள்ளையப் புடிங்க."

நான் பிடித்தேன். அவர் இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"அத்தா, விடச் சொல்லுங்க!"

நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இதை எழுதாமல் விட எனக்கு உரிமை இல்லை.

முட்டை வெள்ளைக்கரு தடவிய துணி. மூங்கில். முழங்கையை மடக்கி இறுக்கமான கட்டு. மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் கை கோணிப் போகும் என்றார்.

விடியும்வரை அழுதாள். காலையில் மனைவி முடிச்சில் கை வைத்தாள்.

"விரலெல்லாம் சில்லுன்னு இருக்குங்க. அவுத்துடுறேன்."

"தொடாதே!"

நான் வீட்டில் குரல் உயர்த்துபவன் இல்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு அழுகை நின்றது.

"இப்ப வலிக்கல அத்தா. விரல் தூங்குது."

எனக்கு நிம்மதி. கெட்டிக்காரி என்றேன். ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன். இடது கையால் தின்றாள். உருகிய சொட்டு வலது விரலில் விழுந்தது. அவள் திரும்பவில்லை. மனைவி அந்த விரலைக் கிள்ளினாள். நகம் பதியக் கிள்ளினாள். ஆமினா ஐஸ்கிரீமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவில் கத்தரிக்கோல். துணி அறுபடும் சத்தம். தாதி கத்துகிறார்.

"யாருங்க இப்படிக் கட்டுனது? நாடியே இல்ல!"

தமிழில் கத்துகிறார். என்னிடம் ஆங்கிலத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மருத்துவர் சொன்னதை அந்தத் தாதியே தமிழில் சொன்னார். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவு. பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது. நேற்றே வந்திருந்தால் இரண்டு கம்பி, சில வாரம் மாவுக்கட்டு, அவ்வளவுதான். இப்போது முன்கையைக் கீறித் திறந்தார்கள். உள்ளே தசை செத்திருந்தது.

எலும்பு கூடிவிட்டது. நேராகக் கூடிவிட்டது.

போனவை இவை. நான்கு விரல்கள், கையில்தான் இருக்கின்றன, நிமிர்வதில்லை. பென்சில் பிடிப்பது. வலது கையால் சோறு பிசைந்து உண்பது. என் முன்னால் அழுவது. மருத்துவமனைப் பயிற்சியில் விரலை இழுக்கும்போது என்னைப் பார்த்து "வலிக்கல" என்கிறாள்.

அன்று தாதி வெட்டிப் போட்ட துணியில் முடிச்சுகள் அப்படியே இருந்தன. கடையில் நாள் முழுவதும் மூட்டை முடிச்சு அவிழ்ப்பது என் வேலை. எண்ணிப் பார்த்தேன்.

மூன்று.